நீலம் பாய்ந்த கத்தி

வெல்டருக்கு முதன்முதலாகக் கத்தி பதமாக வந்த அன்று அவர் மனைவியின் உடம்பும் எஃகானது. அதற்குமுன் வெகுகாலம் அவர் பழைய லாரி வில்பட்டைகளை வெட்டிக் கொல்லையில் காய்ச்சி வீணடித்துக்கொண்டிருந்தார். காந்தம் இன்னும் ஒட்டும் அரைச் சூட்டிலேயே அவசரப்பட்டு எடுத்தவை தகரமாய் வளைந்தன. தண்ணீரில் தோய்த்தவை கீறல் விட்டன. எண்ணெயில் சாய்த்து முக்கியெடுத்தவை கோணிக்கொண்டன. கடைசியில் காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை பொறுத்து, மனைவி பலகாரம் பொரித்த எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, நேராக முக்கினார். அரம் கடிக்காமல் வழுக்கியது; எஃகு கெட்டிப்பட்டுவிட்டது. சந்தோஷத்தைச் சொல்ல உள்ளே ஓடினால், துணி தைத்துக்கொண்டிருந்தவளின் விரலில் குத்திய ஊசி முறிந்து கிடந்தது. சந்தேகத்துக்கு அவள் முழங்கையிலும் அரத்தை இழுத்துப் பார்த்தார். அங்கேயும் வழுக்கியது.

அவளைத் தெருவே வாய்க்காரி என்றுதான் சொல்லும். வீட்டிலேயே பன் சுட்டுக் கடைகளுக்குப் போடுபவள். தோய்த்த எஃகை அப்படியே விட்டால் கண்ணாடிமாதிரி உடையும், மிதமான சூட்டில் வைத்துக் கடினத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்பது வெல்டருக்குத் தெரியும். அதற்கு இருந்தது அவளுடைய ஓவன் ஒன்றுதான்.

“எண்ண நாத்தம் புடிச்ச இரும்ப அதுல வெச்சா, அப்புறம் என் பன்ன எவன் வாங்குவான்?” என்றாள். அதோடு விடாமல் அவர் பரம்பரையையும் இழுத்தாள். வெல்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியைப் பரணில் வைத்துவிட்டுப் பேச்சையும் நிறுத்திக்கொண்டார்.

மழைக்காலம் அப்படியே போயிற்று. ஒருநாள் பன் தட்டை எடுக்கக் குனிந்தவளின் தோளில் டிங்கென்று ஒரு சத்தம். மயிரிழைக் கீறல். வெல்டரின் அக்கா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவ குனிஞ்சா ரெண்டாப் போயிடுவாடா. ரோஷத்த மூட்ட கட்டி வெச்சிட்டு அந்தக் கத்திய மொதல்ல ஓவன்ல வை.”

வெல்டர் பரணில் ஏறிக் கத்தியை எடுத்தார். முரடர்தான், ஆனால் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். கத்தியை ஓவனில் வைத்துக் குமிழைத் திருப்பினார். அந்த ஓவன் முள் காட்டுவதைவிட மிக அதிகமாகக் காயும். எப்போதும் குறைத்து வைக்க வேண்டும் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி கேட்கவில்லை. வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய கத்தி நீலம் பாய்ந்து, கடினம் அளவுக்குமேல் இறங்கி வந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். எழுந்து வந்து, “இன்னும் இரும்பு இருந்தா வைங்க” என்றாள்.

கத்தியின் கூர் ஒருநாள்கூட நிற்கவில்லை. மறுபடி சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் கடினம் திரும்பும், ஆனால் அவள் தோளில் இருக்கும் கீறல் தாங்குமா என்று யார் சொல்வது? வெல்டர் உலையை மூடிவிட்டார். வருடங்கள் போயின. அவள் எதற்கும் சரி என்றாள். கடைக்காரர்கள் பாதி விலைக்குக் கேட்டார்கள், சரி என்றாள். வெல்டர் அவளை வம்புக்கு இழுத்தார், பிசைந்த மாவில் மண்ணள்ளிப் போட்டார். அவள் புது மாவு பிசைந்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

“ஒரே ஒரு தரம் என்னைத் திட்டேண்டி.”

“என்னன்னு திட்டணும், சொல்லுங்க.”

பழைய வசவுகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்லிக்கொடுத்தார். ஒன்றும் விடாமல், அதே வரிசையில், இதமாகத் திட்டினாள். இப்போதும் தினம் சாயங்காலம் அவர் சொல்லித்தருகிறார், அவள் திட்டுகிறாள். தெருவில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.