அம்சவேணி ஸ்டைல்

என் படங்களுக்கு "ஸ்டைல்" இருக்கிறது என்று முதலில் சொன்னவர் கொர்னேலியஸ் சார். குன்னூரில் புகைப்படக் கண்காட்சி நடத்துகிறவர். நான் வாட்ஸப்பில் அனுப்பிய பத்து மலைப் படங்களைப் பார்த்துவிட்டு போன் போட்டார்.

"நீலகிரின்னாலே எல்லாரும் பச்சையை அள்ளிக் கொட்டுறாங்கம்மா. உங்க மலை மட்டும் டீயில முக்கி எடுத்த மாதிரி பழுப்பா, மங்கலா இருக்கு. இன்னும் ஒண்ணு வேணும். வாசல்ல பெருசா மாட்டப் போறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சேரம்பாடி ஃபாக்டரியில் தேயிலை சலிக்கிற அம்சவேணிக்கு ஸ்டைல்! எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலையில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறிப் படம் எடுத்தேன். அடக் கடவுளே, பளிச்சென்று இருக்கிறது! வீட்டுக்கு வந்து எடிட்டிங்கில் வெளிச்சத்தைக் குறைத்தேன், பழுப்பைக் கூட்டினேன். மலைக்குக் காமாலை வந்ததுதான் மிச்சம்.

"ஏனுங்க, என் போனை என்ன பண்ணுனீங்க?"

"கேமரா மேல ஒரே பஞ்சா அப்பிக் கெடந்துச்சு புள்ள. மூக்குக்கண்ணாடித் துணியில நல்லாத் தொடச்சு வெச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர் கந்தன், பெருமையாக.

விளங்கிவிட்டது. சலிக்கும்போது தேயிலைத் தூளோடு பறக்கும் பஞ்சு, போனில் படிந்திருக்கிறது. என் ஸ்டைல் வெறும் ஃபாக்டரிக் குப்பை! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்றே!

ஆனாலும் சும்மா விடுவேனா? என்னோடு சலிக்கிற காளியம்மாள், பாலாமணி, ஆயம்மாள் மூவரின் போனிலும் அதே பஞ்சுதானே இருக்கும். அவர்கள் படமும் என்னுடையது மாதிரியே வந்தால், எனக்கு ஸ்டைலும் இல்லை ஒன்றும் இல்லை என்று கொர்னேலியஸ் சாருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிடலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூவரையும் மேட்டுக்கு இழுத்துப் போனேன்.

"எடுங்கடி அந்த மலையை!"

"இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார்கள். நானும் அவர்கள் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சை என் போன் கேமராவில் தேய்த்துக்கொண்டு எடுத்தேன். நான்கும் ஒரே பழுப்பு, ஒரே மங்கல். அவர்கள் படங்களையும் என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெயர் சொல்லாமல் கந்தனிடம் நீட்டினேன்.

"இதுல என்னுது எது, சொல்லுங்க பாக்கலாம்."

அவர் யோசிக்கவே இல்லை. "இது."

"எப்படிங்க?"

"மத்தவங்க மலையை நட்டநடுவுல வெச்சிருக்காங்க. நீ ஒரு மூலையில தள்ளி உட்டுட்டு, மிச்சமெல்லாம் வெறும் மூட்டம். ஊட்டுல சோறு போடறப்பவும் அப்பிடித்தான? தட்டோரத்துல துளியூண்டு வெச்சுட்டு, நடுவு வெறிச்சோடிக் கெடக்கும். பன்னண்டு வருசமாப் பாக்கறேன்."

போனைப் பிடுங்கி, முதலில் அனுப்பிய அந்தப் பத்துப் படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் மலை மூலையில்தான் இருந்தது. காலையில் எடுத்த பளிச்சென்ற படத்திலும்! அடுப்படிக்கும் வாசலுக்குமாகக் குதித்தேன்.

அந்தக் காலைப் படத்தில் நான் ஏற்றிய பழுப்பையெல்லாம் எடுத்துவிட்டு, பஞ்சுக் கதையையும் ஒளிக்காமல் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் கொர்னேலியஸ் சாரின் பதில் வந்தது. "பஞ்சு போனாப் போகுதும்மா. வாசல்ல இதுதான்."

அன்று ராத்திரி சந்தோஷத்தில் கந்தனுக்குத் தட்டின் நடுவில் சோற்றைக் குவித்தேன்.

"ஐயோ, ஸ்டைலை மாத்திராத புள்ள" என்று பதறி, அதை அவரே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டார்.