வரியில்லாமல் வந்த டிவி

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிவி கம்பெனியின் தயாரிப்பு லைன் அடியோடு நின்ற அன்று, கேன்டீனில் எல்லாருக்கும் முட்டை வைத்தார்கள். சாப்பிட்டு வந்ததும் சூப்பர்வைசர் பலராமன் அவர்களை வரிசையாக நிற்கச் சொன்னார்.

"இத்தினி நாளா வெளிநாட்டு டிவி ஹார்பர்ல எறங்கசொல்லோ வரி கட்டிச்சு. அதான் அது வெலை ஜாஸ்தி, நம்முது கம்மி. தாய்லாந்தோட ஒப்பந்தம் போட்டு, வருஷா வருஷம் கொறைச்சு, இப்போ வரியே எடுத்துட்டாங்க. ஆனா நாம எறக்குற பார்ட்ஸுக்கு இன்னும் வரி கீது. இங்க செய்யறத வுட அங்கேர்ந்து முழு டிவியா வாங்கினு வர்றது லாபம்."

உலகம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். லைனில் நான்கு வருடங்களாகப் படம் சரிபார்ப்பவள். அவளுக்கு அடுத்து நின்று பின்மூடிக்கு ஸ்க்ரூ போடுபவள் தண்டலத்து லீலா. வந்திறங்கும் டிவிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் குடோன் வேலைக்குப் பன்னிரண்டு பேர் போதும், மற்றவர்களுக்கு இன்றோடு வேலை இல்லை என்றார் பலராமன். உலகம்மாளைப் பார்த்து, "நீ இரு. ஒனக்கு ஜோடி யாரு வேணும்?" என்றார்.

"லீலாக்கா."

"எனக்கு வாணாம் சார்" என்றாள் லீலா.

வாசலுக்கு வந்ததும் லீலா உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம பொழப்ப எடுத்துனு போன டிவிக்கு நானே ஸ்டிக்கர் ஒட்டணுமாடி? நீ போ. உன்ன ஒண்ணும் சொல்லல."

அழுகை வரும் என்று உலகம்மாள் சற்று நேரம் நின்றாள். வரவில்லை. உள்ளே போனாள்.

மறுவாரம் கன்டெய்னர் வந்தது. பெட்டியைப் பிரித்து, டிவியைப் போட்டுப் பார்த்து, வாரண்டி கார்டு வைத்து, விலை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். முதல் டிவியில் அவள் குறை தேடினாள். அவர்கள் செய்த டிவியில் மூலையில் லேசாக ஊதா தட்டும்; அதைத் திருத்துவதுதான் அவள் வேலையாக இருந்தது. இதில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சிவப்பை நெடுநேரம் பார்த்தாள். திருத்த எதுவும் இல்லை.

ஸ்டிக்கரைக் கையில் எடுத்தவள் நின்றாள். அவர்கள் செய்த டிவிக்கு இருந்த அதே பழைய விலை.

"சார், வரிதான் போயிட்டே. வெல ஏன் கொறயல?"

"ஜனங்க இந்த வெலைக்கே வாங்குதுங்க. அப்பால எதுக்குக் கொறைக்கணும்? வரி இருந்தா கம்பெனிக்காரங்க வரி மேல பழிய போடுவாங்க. இல்லாங்காட்டி வாயத் தொறக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைக் காட்டினார்.

அன்று சாயங்காலம்வரை அந்த விலையை ஒட்டினாள். விரல்களில் பசை காய்ந்து தோலாக உரிந்தது.

மூன்று மாதம் கழித்து தண்டலம் பஸ் ஸ்டாப்பில் லீலாவைப் பார்த்தாள். ஒரு காலேஜ் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவும் வேலையாம். கைகள் ஊறி வெளுத்திருந்தன. ஸ்டிக்கரையும் அங்கேயே ஒட்டி அனுப்பப் போகிறார்கள், குடோன் வேலையும் இந்த மாதத்தோடு முடிகிறது என்று உலகம்மாள் சொன்னாள். லீலா "அந்த டிவி படம் எப்டி கீது?" என்று மட்டும் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம்.

"நல்லாத்தான் இருக்குக்கா. நம்மளத விட."

"அப்டியா" என்றாள் லீலா.

அவளுடைய பஸ் வந்தது. டிபன் பையை இடுக்கிக்கொண்டு ஓடி ஏறினாள்; திரும்பிப் பார்க்கவில்லை. உலகம்மாள் ஏற வேண்டிய பஸ் இரண்டு வந்து போயின. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.