செருப்பளவு தூக்கம்

பொன்னியம்மன் நகர் இரண்டாவது குறுக்குத் தெருவுக்குத் தூக்க லாரி திங்கட்கிழமை காலையில் வரும்.

முன்பெல்லாம் அங்கே வீட்டுக்கு வீடு சொந்தத் தூக்கம் இருந்தது. அடுக்குமாடிக்காரர்கள் ஆழமாக போர் போட்டு உறிஞ்சிய பிறகு தெருவே வறண்டுவிட்டது. மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில் கேன் தூக்கம் கிடைக்கிறது. மூலிகை சேர்த்தது என்று மேலே ஒட்டியிருக்கிறார்கள். வாங்கிக் குடித்தவர்களுக்குக் கொட்டாவிதான் வந்தது.

லாரித் தூக்கத்திலும் குறை உண்டு. போன வாரம் வந்தது ஏதோ கல்யாண மண்டபத்தில் பிடித்தது. தெரு மொத்தமும் இரவெல்லாம் கனவில் பந்தியில் உட்கார்ந்திருந்தது. இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், கடைசிவரை சோறு வரவில்லை. இது குறித்துக் குடியிருப்போர் சங்கம் கண்டனம் தெரிவித்தது.

தூக்கம் கிடைக்காவிட்டால் உயிர் ஒன்றும் போய்விடாது. இருக்கிற நாளிலேயே இருக்க வேண்டியதுதான். தூங்கினால்தான் நாளைக்கு வரும் என்று எல்லா அம்மாக்களும் பிள்ளைகளிடம் சொல்வது இதைத்தான்.

நாலாவது வீட்டு வினோதினியின் மகள் கயல் வியாழக்கிழமையில் இருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் திங்கட்கிழமைக்கு வந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கயலுக்கு மூன்றாவது பிறந்தநாள்.

குற்றம் கயலுடையதுதான். வீட்டில் இருந்த தூக்கத்தில் பாதியைக் கரடி பொம்மைக்கு ஊட்டிவிட்டாள். மீதியை வெல்லம் கலந்து கொடுத்தபோது இனிக்கவில்லை என்று துப்பிவிட்டாள். கரடி நன்றாகத் தூங்கி முன்னால் போய்விட்டது.

கயல் கூடத்தில் இருந்ததால் கூடம் வியாழக்கிழமையாகவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வியாழக்கிழமைத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அன்று வைத்த முருங்கைக்காய் சாம்பார் இன்னும் சூடாக இருந்தது. அந்த மட்டில் வினோதினிக்கு லாபம்தான். சமையலறையில் திங்கட்கிழமை வெயில் அடித்தது. கயலை வெளியே தூக்கிப் போனால் வியாழக்கிழமையும் கூடவே வரும். ஒரு குடை அகலத்துக்கு அவளைச் சுற்றித் தூறும்.

வினோதினியின் கணவன் குமரகுரு தூங்குவதில் கெட்டிக்காரன். வீட்டில் தன் பங்கைத் தூங்கி, அலுவலகத்தில் கிடைத்ததையும் தூங்கி, புதன்கிழமைக்கே போய்விட்டான். அங்கிருந்து போன் செய்தான்.

"வினோ, பர்த்டே போட்டோ பார்த்தேன்."

"எப்படிங்க இருக்கு?"

"கேக் இருக்கு. பலூன் இருக்கு. கரடி தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. கயல் இல்ல."

"நல்லா பாருங்க. மேசைக்குக் கீழ இருப்பா."

"அங்கயும் பாத்துட்டேன்."

பெற்ற பிள்ளை தன் பிறந்தநாள் போட்டோவிலேயே இல்லை என்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? பெரியவர்களுக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு சொம்பு போதும். வளரும் குழந்தைக்கு ஒரு குடம் வேண்டும். எப்படியாவது இன்று ஒரு குடம் பிடித்துவிட வேண்டும் என்று வினோதினி நினைத்தாள்.

அப்போது தெருவில் "லாரி! லாரி!" என்று கூச்சல் எழுந்தது. பந்திக்கு முந்து என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் லாரியைப் பார்த்ததில்லை. வினோதினி கயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். குடத்தை மறந்தாள்.

லாரி இன்னும் வரவில்லை. வரிசை மட்டும் வந்திருந்தது. நீல டிரம்கள், பச்சைக் குடங்கள், ஒரு ஹெல்மெட், ஒரு செங்கல். அந்தத் தெருவில் வரிசையில் நிற்கும் பொருள்தான் ஆள். அதை யாரும் நகர்த்தக் கூடாது, அவமரியாதையாகப் பேசக் கூடாது. அந்தச் செங்கல் நீண்ட காலமாக ஒழுங்காக நின்றதைப் பாராட்டிப் போன வருடம் சங்கத்தின் செயற்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் அது குறுக்கே பேசுவதில்லை.

வரிசையை நடத்துபவர் மூலை வீட்டு ரெஜினா அக்கா. ஜாக்கெட் தைப்பவர். அவர் முறைத்தால் டிரம்கூட நேராக நிற்கும்.

"வினோ, கொழந்தைய உள்ள கொண்டு போ. கட்டில்ல வத்தல் காயுது, நனையுது பார்."

"லாரி வந்துடுமேக்கா."

சங்கச் செயலாளர் ஏகாம்பரம் சாரும் வந்துவிட்டார். நுகர்வோர் உரிமையில் தோய்ந்தவர். தீப்பெட்டி வாங்கினாலும் குச்சியை எண்ணுவார்.

"மேடம், தூக்கத்துல மழைத்தண்ணி கலந்தா யாரு பொறுப்பு? வியாழக்கிழமை தண்ணி வேற. கெட்டுப் போயிருக்கும்."

"எதையாச்சும் வெச்சிட்டுப் போ," என்றார் ரெஜினா அக்கா. "எடத்த நான் பாத்துக்கிறேன்."

வினோதினியிடம் வேறு எதுவும் இல்லை. கயலின் வலது காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். மிதித்தால் கீச்சென்று கத்தும் சிவப்புச் செருப்பு. அதைச் செங்கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

கயலைக் கூடத்தில் விட்டாள். குடம் சமையலறையில் இருந்தது. கூடம் வியாழன், சமையலறை திங்கள். போகிற வழியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் கடக்க வேண்டியிருந்தது. வெள்ளியை ஓடிக் கடந்தாள். சனிக்கிழமையில் துணி காயப் போட்டிருந்தது, குனிந்து போனாள். ஞாயிற்றுக்கிழமையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார்.

"வா வினோதினி. ஒரு வாய் டீ கெடைக்குமா?"

லாரி வருகிறது என்று நாத்தனாரிடம் சொல்ல முடியுமா? ஊரெல்லாம் பேசுவார். டீ போட்டுக் கொடுத்தாள்.

"சக்கரை கம்மி," என்றார் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமையும் இதையேதான் சொல்லியிருந்தார்.

வினோதினி குடத்தோடு தெருவுக்கு வந்தபோது லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். டிரம்கள் நிறைந்திருந்தன. ஹெல்மெட் நிறைந்திருந்தது. செங்கல் தன் பங்கை உறிஞ்சிக்கொண்டு கனத்திருந்தது. சிவப்புச் செருப்பும் விளிம்பு தட்ட நிறைந்து மெல்ல மினுங்கியது.

"அண்ணே, கொடம் கொண்டாந்துட்டேன்."

"நீங்க யாரு?"

"நாலாவது வீடு."

"நாலாவது வீட்டுக்கு ஊத்தியாச்சே." லாரிக்காரர் செருப்பைக் காட்டினார்.

"அது அடையாளத்துக்கு வெச்சதுங்க."

"எல்லாருமே அடையாளத்துக்குத்தான் நிக்கிறாங்க," என்றார் லாரிக்காரர்.

லாரியின் பின்னால் "ஒலி எழுப்பாதீர்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே "ஊற்றிய தூக்கம் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று எழுதியிருந்தது. லாரி சத்தமில்லாமல் போய்விட்டது.

"நல்ல செருப்பு மேடம்," என்றார் ஏகாம்பரம் சார். "பார்க்கிங் பிரச்சினைய பூராவும் சொன்னேன். ஒரு தடவகூட வாட்ச்ச பாக்கல."

வினோதினி செருப்பைக் கையில் எடுத்தாள். குழந்தையின் ஒரு காலுக்குக்கூட அது போதாது. போதுமென்றாலும், கால் மட்டும் செவ்வாய்க்கிழமைக்குப் போய் என்ன செய்யும்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. அவள் வத்தல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ரெஜினா அக்கா தன் குடத்தைப் பார்த்தார். கொடுக்க மனசு இருந்தது. ஆனால் ஒரு வீட்டுத் தூக்கம் இன்னொரு வீட்டுக்கு ஆகாது. போன வருடம் ஏகாம்பரம் சார் தவறுதலாக ரெஜினா அக்காவின் சொம்பைக் குடித்துவிட்டார். மறுநாள் தையல் மெஷின் முன்னால் எழுந்தார். ஒரு ஜாக்கெட்டைத் தைத்து முடித்த பிறகுதான் அவரால் வீட்டுக்கு வர முடிந்தது. கை சரியாக அமையவில்லை என்று வாடிக்கையாளர் இன்றுவரை குறைப்படுகிறார்.

"அழாத வினோ," என்றார் ரெஜினா அக்கா. "கொழந்தையால செவ்வாய்க்கெழமைக்கு வர முடியலன்னா, செவ்வாய்க்கெழமைய கொழந்தகிட்ட கொண்டு போவோம். கேக்கு வந்துடுச்சா?"

"ஃப்ரிட்ஜுல இருக்குக்கா."

"அப்புறம் என்ன? எந்திரி."

கேக்கை வெளியே எடுத்ததும் ஏகாம்பரம் சார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"தயாரிச்ச தேதி நாளைன்னு போட்டிருக்கான்."

"பால் பாக்கெட்லகூட அப்படித்தான சார் போடுறாங்க," என்றாள் வினோதினி.

"நாளைக்குச் செஞ்சத இன்னைக்குத் தின்னா விதிமீறல். ஆனா வியாழக்கெழமையில தின்னா..." ஏகாம்பரம் சார் கண்ணை மூடி யோசித்தார். "வியாழக்கெழமைக்கு இது இன்னும் செய்யவே இல்ல. செய்யாத கேக்குல கலப்படம் இருக்க முடியாது. தாராளமா வெட்டலாம்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு பொருளைப் பற்றித் திருப்தியாகப் பேசினார்.

தெரு மொத்தமும் நாலாவது வீட்டுக் கூடத்துக்குள், வியாழக்கிழமைக்குள் நுழைந்தது. செருப்பைச் சிந்தாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார்கள். செங்கல்லையும் அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

வியாழக்கிழமை எல்லோருக்கும் ஒத்துப் போனது. வெள்ளிக்கிழமை தொலைத்த குடை ஏகாம்பரம் சாரின் கக்கத்தில் இருந்தது. அவர் அதை விரித்து விரித்துப் பார்த்தார். ரெஜினா அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது சனிக்கிழமை. வியாழக்கிழமையில் வலி இல்லை. சாம்பாரை ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு ஆடினார். இத்தனை வருடம் இவர் ஆடுவார் என்று யாருக்கும் தெரியாது.

கயல் கேக்கை வெட்டினாள். எத்தனை வயது என்று கேட்டார்கள். மூன்று விரலைக் காட்டினாள். வியாழக்கிழமைக் கணக்குப்படி இரண்டுதான் என்று ஏகாம்பரம் சார் திருத்தினார். அவர் வாயில் கேக்கை வைத்து அடைத்தார்கள்.

பிறகு கயல் ஓடினாள். ஒரு காலில்தான் செருப்பு. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு சத்தமில்லாமல் ஓரடி, மறுபடி கீச். நாற்காலிகளைச் சுற்றி ஓடினாள். செங்கல்லைச் சுற்றி ஓடினாள். பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடின. கொஞ்ச நேரத்தில் கீச்சுக்கும் கீச்சுக்கும் நடுவே இடைவெளி கூடியது. கயல் ரெஜினா அக்காவின் மடியில் வந்து விழுந்தாள். வாயில் கிரீமோடு தூங்கிப் போனாள்.

யாரும் ஊற்றவில்லை. யாரும் வெல்லம் கலக்கவில்லை. தானாக வந்த தூக்கம். அந்தத் தெரு அப்படி ஒன்றைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"எந்த கம்பெனி?" என்று ஏகாம்பரம் சார் கிசுகிசுத்தார்.

"சும்மா இருங்க சார்."

மெல்ல மெல்ல ரெஜினா அக்காவின் மடி லேசானது. கயல் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விட்டாள். ஜன்னலில் தூறல் நின்று திங்கட்கிழமை வெயில் உள்ளே வந்தது. சாம்பார் ஒரேயடியாக ஊசிப் போனது. ரெஜினா அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஏகாம்பரம் சார் கக்கத்தில் குடையைத் தேடினார். எல்லோரும் மீதிக் கேக்கை மூடி வைத்துவிட்டு, தங்கள் டிரம்மையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் கிளம்பினார்கள்.

வினோதினியின் போன் அடித்தது.

"வினோ, போட்டோல கயல் வந்துட்டா."

"நல்லா இருக்காளாங்க?"

"வாயெல்லாம் கேக்கு. கரடி தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறா."

வினோதினிக்கு மனசு நிறைந்தது. சந்தோஷத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆனா நீ இல்லையே," என்றான் குமரகுரு.

"நான் என்னிக்குங்க போட்டோல இருந்திருக்கேன்? நான்தான எடுப்பேன்."

"இத நான்தான் எடுத்திருக்கேன். கயல் கேமராவ பாக்கல வினோ. வாசலையே பாக்குறா."

போனை வைத்தாள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு கயலின் குரல் கேட்டது.

"அம்மா, இன்னொரு செருப்பு எங்க?"

வினோதினி ஃப்ரிட்ஜ் மேலிருந்து செருப்பை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். பெரியவர்களுக்கு ஒரு சொம்பு என்பது கணக்கு. இது ஒரு செருப்பு. அதுவும் மூன்று வயதுச் செருப்பு. அவள் அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். பழகிய எடையாக இருந்தது. கயல் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் அடுத்த நாளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இதுவரை அளந்து பார்த்ததில்லை.

குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைச் சாய்ப்பதுபோலச் சாய்த்துக் குடித்தாள். கொஞ்சம் தூசி, கொஞ்சம் தூறல் வாசனை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கூடத்துக்குள் காலை வைத்தாள். செவ்வாய்க்கிழமை. பலூன் கட்டியிருந்தது. கரடி தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கயல் ஒற்றைச் செருப்போடு நின்றாள்.

"ஏம்மா லேட்டு?"

"உங்க அத்தைக்கு டீ போட்டேன்டி."

வினோதினி குனிந்து செருப்பை மாட்டினாள். "எல்லாரும் இங்க பாருங்க," என்று குமரகுரு போனை உயர்த்திப் பிடித்தான். வார் மாட்டி முடியவில்லை. அவள் நிமிர்வதற்குள் எடுத்துவிட்டான்.

உடனே அவள் போன் அடித்தது. எதிரில் நிற்கிற குமரகுருதான், புதன்கிழமையிலிருந்து.

"வந்துட்ட வினோ! உன் கொண்டை மட்டும் தெரியுது."

"அது போதும், வைங்க," என்றாள் வினோதினி.

கயல் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு ஓடினாள். கீச், கீச்.