நூற்றுப் பதினேழாவது பெண்

என் கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பிஎச்.டி. கைடு சண்முகசுந்தரம் சாருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரியாது என்பது ஜூன் மாதம்தான் தெரிந்தது.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது, பதில் யாருடைய மெயிலுக்கு வர வேண்டும் என்று கேட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் வரும். எங்கள் துறையில் அந்தக் கட்டத்தில் கைடின் மெயிலைத்தான் போடுவோம். இதற்கென்று யாரும் சட்டம் போடவில்லை. எனக்கு முன்னால் போனவர்கள் போட்டார்கள், நானும் போட்டேன். சொந்த மெயிலைப் போட்டால் 'அந்த மோகனப்பிரியாவுக்குத் தலைக்கனம்' என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு வரும். அதற்குப் பயந்து போன நவம்பரில், என் விரலாலேயே சாரின் முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டினேன்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம். அதுதான் கட்டுரை. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். இரண்டு வருடம், ஷிஃப்ட் விடும் நேரமாகப் பார்த்து ஸ்டாப்பில் போய் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதியது. கட்டுரையில் 'நாங்கள் சந்தித்தோம், நாங்கள் தொகுத்தோம்' என்று போட்டிருந்தேன். அந்த நாங்கள் என்பது ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், நான். சாரின் பெயரும் இருந்தது. மொத்தக் கட்டுரையிலும் அவர் திருத்தியது ஒரே இடத்தை. தன் பெயருக்கு முன்னால் நான் 'முனைவர்' போட மறந்திருந்தேன்.

ஜூலை முப்பத்தொன்றோடு என் பிஎச்.டி. பதிவு முடிகிறது. அதற்குள் இந்தக் கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க விடுவார்கள். இல்லாவிட்டால் ஆறு வருடமும் வீண். இதை அம்பத்தூரில் எங்கள் தெருவில் யாரிடம் சொல்லிப் புரியவைப்பது? கல்யாண வீடுகளில் "இன்னாம்மா, இன்னும் படிச்சிகினேதான் கீறியா?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவைப்பேன். பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். சில நாள், காலையில் அம்மாவிடம் "டிபன் வேணாம்" என்று சொன்னதைத் தவிர மாலை வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

மாதம் ஒருமுறை சாருக்குப் போன் செய்வேன். இரண்டு முறை செய்தால் தொல்லை என்று நினைப்பார். "ஏதாவது வந்துச்சாங்க சார்?" என்பேன். "வரும்மா, வந்தா சொல்ல மாட்டேனா?" என்பார். நல்ல மனுஷர்தான், அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி, அரையாண்டு அறிக்கையில் கையெழுத்து வாங்கக் கொரட்டூரில் அவர் வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, போனை நீட்டினார்.

"இதுல போட்டோ எடுக்க முடியல. இடம் இல்ல, இடம் இல்லன்னே சொல்லுது. என்னன்னு பாரும்மா."

பார்த்தேன். மெயில் பெட்டியில் திறக்காத மெயில்கள் பதினோராயிரத்துச் சொச்சம். சாரைக் கேட்காமலே, தேடும் இடத்தில் இதழின் பெயரைத் தட்டினேன்.

நான்கு மெயில்கள் இருந்தன. பிப்ரவரி ஆறு: மதிப்பீட்டாளர்களின் கருத்துகளை இணைத்துள்ளோம், திருத்தி அறுபது நாளில் அனுப்பவும். மார்ச்சில் ஒரு நினைவூட்டல். ஏப்ரலில் இன்னொன்று. கடைசியாக, பதில் வராததால் கோப்பு மூடப்பட்டது.

"ஐயையோ, வந்திருக்கா?" என்றார் சார். "எனக்கு இது காட்டவே இல்லையேம்மா." தப்பு போனுடையது என்பது போல அதை முறைத்துப் பார்த்தார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இணைப்பைத் திறந்தேன். முதல் மதிப்பீட்டாளர் மூன்று வரி எழுதியிருந்தார். இரண்டாமவர் இரண்டு பக்கம். இதழுக்காகக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் இவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. அந்த இரண்டாமவர் என் அட்டவணைகளை ஒவ்வொரு வரியாகப் படித்திருந்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு கூட்டல் பிழையைக் கண்டுபிடித்திருந்தார். பதினொன்றாம் பக்கத்துக்கு நேராக, 'இதை எழுதியவர் அந்த வெயிலில் நின்றிருக்கிறார் என்பது தெரிகிறது' என்று எழுதியிருந்தார்.

சாரின் ஹாலில் உட்கார்ந்து அழுதேன். கோப்பு மூடியதற்காக இல்லை. ஆறு வருடத்தில் ஒரே ஒருவர் என்னோடு பேசியிருக்கிறார், நான்கு மாதமாக அது என் காதில் விழவில்லை. அதற்காகத்தான்.

சார் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "நான் வேணா அந்த எடிட்டருக்கு எழுதட்டுமா? இல்ல, நீயே எழுதிடேன், என் பேர்ல. உனக்குத்தான் நல்லா வரும்."

எழுதினேன். அவர் போனில், அவர் பெயரில். 'தவறு என்னுடையது, என் மாணவியுடையது அல்ல. முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களையும் அவர் தனியாகச் சென்று சந்தித்தார். என் பணிக்காலத்தில் இவ்வளவு நேர்மையான ஆய்வாளரை நான் கண்டதில்லை.' கடைசி வரியை எழுதும்போது கை கூசியது. ஆனாலும் அழிக்கவில்லை. ஆறு வருடத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டியதுதானே? அடியில், இனிப் பதில்களை மாணவிக்கே அனுப்பவும் என்று என் மெயில் முகவரியைச் சேர்த்தேன்.

"படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க சார்."

"நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லி, மெயிலை அப்படியே அனுப்பிவிட்டார். அதையும் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது, எனக்கு. கோப்பைத் திறந்திருக்கிறோம், பதினைந்து நாள் தருகிறோம்.

கூட்டல் பிழையைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. இரண்டாமவர் கேட்டிருந்த ஒரு கேள்விதான் உட்காரவிடவில்லை. 'எண் 117: எட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் ஸ்டாப்பில் இவர் தினமும் ஐம்பது நிமிடம் காத்திருப்பதாக உள்ளது. பதிவில் பிழை என்றால் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால், ஏன்?' நீக்கினால் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. மீதி முந்நூற்றுப் பதினோரு பேர் போதும். ஆனால் என்னோடு பேசிய ஒரே ஆள் கேட்ட கேள்வி. குடையை எடுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போனேன்.

கட்டுரையில் பெயரைப் போடக் கூடாது. இங்கே சொல்லலாம். நூற்றுப் பதினேழு என்பது முனியம்மா, பேக்கிங் பிரிவு, நாற்பத்தெட்டு வயது. ஸ்டாப்பின் கடைசிப் பெஞ்சில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லி பஸ் வந்து, நின்று, போனது. அவர் அசையவில்லை.

"அட, கேள்வி கேக்குற பொண்ணு! இன்னா, இன்னும் முடியலியா உனுக்கு?"

"முடியலக்கா. பஸ் வருதே, ஏன் ஏறாம உக்காந்திருக்கீங்க?"

"ஊட்டுக்குப் போனா சோறாக்கணும், அதுக்கு இது நொட்டை அது நொட்டைன்னு பேச்சு வாங்கணும். கம்பெனில சூப்பர்வைசர் கத்திகினே இருப்பான். இங்கதான் என்னிய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கோ. அஞ்சு பஸ்ஸ வுட்டுட்டு ஆறாவதுல ஏறுவேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீ எத்தினி நிமிசம்னுதானே கேட்ட? ஏன்னு கேக்கலியே."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணெதிரே இருப்பதைப் படிக்காமல் விட்டவர் சார் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஆமா, உன்கூட யாரும் இல்லியா? எப்பவும் ஒண்டியாவே வர்றியே."

"இந்தப் படிப்பு அப்படித்தான்க்கா."

முனியம்மா பையை இறக்கிவைத்துவிட்டுப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். இன்னும் நாலு பஸ் போகும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

பதில் கடிதத்தில் எழுதினேன்: 'எண் 117 பிழை அல்ல, நீக்கவில்லை. அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு நாளில் அவருக்கென்று இருக்கும் நேரம் அந்த ஐம்பது நிமிடம்தான். காரணத்தை முதலில் கேட்காமல் விட்டது என் தவறு.'

ஜூலை இருபத்து நான்கு, பூந்தமல்லியில் ஆய்வேட்டை ஜெராக்ஸ் போடக் கொடுத்துவிட்டு, மெட்ரோ தூண் நிழலில் அம்பத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். போன் அதிர்ந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. இரண்டாம் மதிப்பீட்டாளரிடமிருந்து ஒரே வரி: '117-ஐ வைத்திருந்ததற்கு நன்றி.'

அம்மாவைக் கூப்பிட்டேன். "சரி, அப்போ முடிஞ்சிதா? வரும்போது தயிர் வாங்கிகினு வா" என்றாள். சாரைக் கூப்பிட்டேன். "பாத்தியா, வரும்னு சொன்னேன்ல?" என்றார். அதற்குப் பிறகு போனில் பெயர்களைக் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். நான் சொல்ல நினைத்த ஆளுக்குப் பெயரே கிடையாது.

அம்பத்தூர் பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் ஏறவில்லை. ஸ்டாப்பில் கடைசிப் பெஞ்ச் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன். அடுத்ததும் வந்து போனது, அதற்கடுத்ததும். எத்தனை நிமிடம் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.