ஐந்தாவது ஸ்பீட் கன்

நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் மூன்றாவது முறையாக அதையே சொன்னார். குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஆறு மாதம் லைசென்ஸ் போகும், வேலையாவது மிஞ்சும். எண்பதுக்கு மேல் போகக்கூடாத சாலையில் நான் நூற்று நாற்பத்திரண்டில் போனேனாம். என் ஓட்டை வேனை மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் அந்த வேகம் வராது. நூறு போயிருப்பேன், மறுக்கவில்லை.

அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. என்னைப் பிடித்த ஸ்பீட் கன் சரியாக வேலை செய்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். போலீஸ் ஸ்டேஷன்களுக்குப் போய் அவற்றைச் சோதிப்பது என் பிழைப்பு. ஓர் இசைக்கவையைத் தட்டி, அது அதிர அதிர முன்னால் பிடித்தால் கன் எண்பது காட்டவேண்டும். காட்டினால் ஸ்டிக்கர் ஒட்டுவேன். அந்தச் சான்றிதழ் போட்ட அன்றைக்கு ஐந்து இருந்தன. நான்கைச் சோதித்தேன். பசி வயிற்றைக் கிள்ளியது. ஐந்தாவதற்குச் சும்மா ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் வீட்டை இரண்டாக்குகிற ஆள் நான்.

நோட்டீஸில் அந்தக் கன்னின் எண்ணைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உண்மை வெளியே வந்தால் வேலை போவது மட்டுமல்ல, என்மேலேயே வழக்கு வரும். வக்கீலைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மூன்று வாரமாக என்னை ராக்கெட்டு என்றுதான் கூப்பிடுகிறாள்.

எதிர் பெஞ்சில் பேக்கரி வேன் ஓட்டுகிற பெண் ஒருத்தி, யூனிஃபார்மோடு வந்திருந்தாள். அவளுக்கும் இதே குற்றச்சாட்டு. லைசென்ஸ் போனால் வேலையும் போகும், அதனால் மறுத்துப் பேசப் போவதாகச் சொன்னாள். ஸ்பீட் கன்களைச் சோதிக்கிறவனே நான்தான் என்று என் மனைவி அவளிடம் பெருமையாகச் சொல்லிவைத்தாள்.

"நான் எழுபதைத் தாண்டலண்ணா. நூத்திப்பத்துன்னு போட்டிருக்காங்க. மெஷின் தப்பாக் காட்டுமா?"

"மெஷின் தப்பாக் காட்டாதும்மா." இருபது வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

அவள் முகம் வாடிவிட்டது. அப்படியானால் தான்தான் கவனிக்கவில்லை போலிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் என்றாள். நோட்டீஸை மடித்தாள். மடிக்கும்போதுதான் எண்ணைப் பார்த்தேன். அதே கன்.

அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நாங்கள் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். நீதிபதி என் சான்றிதழைப் படித்தார், தேதியும் கையெழுத்தும் உட்பட. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டார். அவள் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்துவிட்டேன். வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ராக்கெட்டு, உக்காரு," என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்தக் கையெழுத்து என்னோடதுங்க ஐயா," என்றேன். "அந்தக் கன்னை நான் சோதிக்கவே இல்ல."

வக்கீல் சட்டையை விட்டுவிட்டார். மனைவி என்னை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள், எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. முன் வரிசைகளில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் நோட்டீஸைப் பிரித்து, எண்ணைத் தேட ஆரம்பித்தார்கள்.