கை கழுவும் காட்சி

என் தங்கச்சி துஷ்யந்தியை நான் மன்னித்ததற்குக் காரணம் கோயிலும் இல்லை, குருக்களும் இல்லை. ஒரு ரவுடிப் படம்.

பினாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ராமதாஸை நான் விரும்பியதை அப்பாவிடம் போட்டுக்கொடுத்தவள் அவள்தான். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா வீட்டுப் பெண்ணுக்குச் சுங்கை பினாங் கூலிக்காரன் மகனா என்று அப்பா குதித்த குதியில் ராமதாஸ் சிங்கப்பூருக்கே போய்விட்டான். நான் கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம் அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. அவள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படத்தின் வீடியோ டேப் கிடைத்தது. நாயகன் வேலப்பன், கடத்தல்காரன். பத்து நிமிஷத்துக்கு ஒரு கொலை. அவனையே போலீஸிடம் காட்டிக்கொடுக்கிறான் கூடப்பிறந்த தம்பி. வெட்டிப் போடு என்று ஊரே சொல்கிறது. வேலப்பனோ தம்பியை உட்காரவைத்து, மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறான். “சாப்பிடு. மத்ததெல்லாம் அப்புறம்” என்கிறான். தோள் துண்டால் அவன் வாயைத் துடைக்கிறான். அடுத்த காட்சியில் குழாயடியில் நின்று அழுதுகொண்டே கை கழுவுகிறான். தண்ணீர் சிவப்பாக ஓடியது. எங்கள் டேப்பில் எல்லாமே கொஞ்சம் சிவப்பாகத்தான் தெரியும். குழம்பு என்று நினைத்தேன்.

தேம்பித் தேம்பி அழுதேன். அத்தனை பேரைக் கொன்றவனே மன்னிக்கும்போது எனக்கென்ன கேடு?

மறுநாளே சோறு கட்டிக்கொண்டு, தங்கச்சி வாழ்க்கைப்பட்ட பாலிக் புலாவுக்குப் பஸ் ஏறினேன். ஏழு மாத வயிற்றோடு துஷ்யந்தி கதவைத் திறந்தாள். சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே நீட்டினேன். எனக்கு வேறு பேச்சு வரவில்லை. “சாப்பிடு. மத்ததெல்லாம் அப்புறம்” என்றேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு வாயைத் திறந்தாள். அதோடு சேர்ந்துவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் புதுப்பித்துத் தியேட்டரில் போட்டார்கள். மத்தியானக் காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். என்ன படம்! இப்போது வருகிற படங்களில் நூறு பேர் செத்தாலும் நான் பாட்டுக்கு பாப்கார்ன் தின்கிறேன். இதில் ஓர் அறை விழுந்தால் என் கன்னம் எரிகிறது. இத்தனை வருஷம் கழித்தும் ஓர் இடம்கூடச் சலிக்கவில்லை.

சோறு ஊட்டும் காட்சி வந்தது. வேலப்பன் தம்பியின் வாயைத் துடைத்தான். இங்கேதான் எங்கள் டேப் குழாயடிக்குத் தாவும். தாவவில்லை. அவன் வலது கை அடுத்த கவளத்தை உருட்டியது. இடது கை துண்டுக்கடியிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தது. தம்பி வாயைத் திறந்தபடியே செத்தான். அப்புறம்தான் குழாயடி.

அதைவிடப் பெரிய காட்சியை நான் பார்த்ததில்லை. அதை எடுத்தவனைக் கும்பிடலாம் போலவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

வெளியே வந்து நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தேன். “நமக்கு வந்த டேப்ல அந்த எடத்த எவனோ வெட்டிட்டான்டி! கொலைய பாத்து மன்னிப்புன்னு நெனச்சு ஒன் வூட்டுக்கு ஓடி வந்திருக்கேன். எவ்ளோ பெரிய மடச்சிலா நான்!”

துஷ்யந்தி சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். “எனக்கு அப்பவே தெரியும்க்கா. கல்யாணம் முடிஞ்சு மெட்ராஸ் போனப்ப தியேட்டர்ல முழுசா பாத்துட்டேன்.”

“நான் சோறு கொண்டாறதுக்கு முன்னாலயா?”

“முன்னாலதான். நீ அதே டயலாக் சொல்லி ஊட்ட வந்த. இன்னொரு கை பைக்குள்ள இருந்துச்சு.”

“கைக்குட்டை எடுத்தேன்டி, ஒன் வாய தொடைக்க!”

“அது எனக்கு எப்படிலா தெரியும்?”

“அப்புறம் எதுக்குடி வாய தொறந்த?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஆறு வருஷம் கழிச்சு என் அக்கா வாசல்ல நிக்குது. எதுக்கு வந்திருந்தாலும் சரின்னு இருந்துச்சுக்கா.”

என் கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கழுவ எனக்கு மனம் வரவில்லை.