சில்வர் ஓக் பலகை

கிரைண்டரைப் போடுவதற்கு முன்னால் கலாவதி செய்கிற காரியங்களை யாராவது வெளியூர்க்காரர் பார்த்தால், அம்மாள் ஏதோ வேண்டுதல் நிறைவேற்றுகிறாள் என்றுதான் நினைப்பார். சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் சில்வர் ஓக் பலகையைக் கீழே போடுவாள். அதன் அடியில் பழைய ஜீப் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தது. ஈரக்கையை முந்தானையில் இரண்டு தரம் துடைப்பாள். பலகைமேல் ஏறி, ஜன்னலில் முழங்கை படாதபடி உடம்பை ஒடுக்கிக்கொண்டு, மரக்கரண்டிக் காம்பால் சுவிட்சைத் தட்டுவாள். குழவி சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மூச்சு விடுவாள். பலகையை மறந்துவிட்டுத் தொட்டால் தோள்பட்டை வரைக்கும் கரண்ட் சுரீரென்று ஏறும்.

அது சம்பந்தி வீட்டுக் கிரைண்டர். ஏற்காடு பஜாருக்குப் பின்னால் கலாவதியும் அவள் புருஷன் வேலுசாமியும் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். மகள் சுகந்தியைச் சேலத்து எலக்ட்ரிக் கான்ட்ராக்டர் தங்கராஜின் மகனுக்குக் கட்டிக்கொடுத்த கையோடு, மனுஷர் தானே ஆள்களைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். "எம் மருமவளோட அம்மா இன்னும் கையில மாவாட்டறதா? எனக்குல்ல கேவலம்?" என்றார். யார் கேட்டார்கள்? ஆட்டுக்கல்லைப் பெயர்த்துக் கொல்லையில் உருட்டிவிட்டார்கள். உருட்டினதில் அது இரண்டாகப் போனது. அந்த இடத்தில் சிமெண்ட் பூசிக் கிரைண்டரை உட்கார வைத்தார்கள். பூமிக்குள் இறங்க வேண்டிய எர்த் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு தங்கராஜ் கொல்லையை ஒரு பார்வை பார்த்தார். "இந்த மலையில குழி தோண்டுனா பாறைதான் வரும் தங்கச்சி. ஜன்னக் கம்பியே போதும்" என்று ஒயரை ஜன்னலில் முறுக்கிக் கட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மரச்சட்டத்தில் நிற்கிற கம்பி கரண்டை எங்கே கொண்டுபோய் விடும்? தானே வைத்துக்கொண்டது. பனி இறங்கிச் சுவர் வியர்க்கிற நாள்களில் கிரைண்டரும் அடித்தது, ஜன்னலும் அடித்தது. ஜன்னல் திட்டில் படுத்துக் கிடந்த பூனை ஒருநாள் அலறிக்கொண்டு குதித்தது. அப்புறம் அது அந்தப் பக்கமே வரவில்லை. பூனைக்குப் போக வேறு வீடு இருந்தது.

"செருப்புப் போட்டுக்கிட்டு ஆட்டேன்" என்றார் வேலுசாமி. மாவாட்டுகிற இடத்தில் செருப்பா? நாலு பேர் வாயில் வைக்கிற மாவு. அந்தப் பேச்சே வேண்டாம் என்று கலாவதி சொல்லிவிட்டாள். எஸ்டேட்டில் வெட்டின மரத்தில் ஒரு துண்டு வாங்கிப் பலகை செய்துகொண்டாள்.

சரி பண்ணப் பார்க்காமலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒயர்மேன் வேலை பார்க்கும் லூர்துராஜைக் கூப்பிட்டுக் காட்டினாள். பதறிப்போய்விட்டார். "ஏனுங்கக்கா, இது ஆளைக் கொல்லுமுங்க. கொல்லையில குழி எடுத்துப் புது ஒயர் இழுக்கோணும்" என்றவர், அவசரத்துக்கு உடைந்து கிடந்த சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். அந்த வாரமே தங்கராஜ் லாட்ஜ் வேலையாக மலைக்கு வந்தவர் இட்லி சாப்பிட நுழைந்தார். கான்ட்ராக்டர் கண்ணாயிற்றே, நேரே சுவிட்சுக்குத்தான் போனது. "நம்ம வேலைல நம்பிக்கை இல்லீங்களாட்டம் இருக்குது" என்று சிரித்தார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்குச் சுகந்தியை அனுப்பவில்லை. பொங்கலுக்கும் அனுப்பவில்லை. கலாவதி பலகாரத்தோடு சேலத்துக்குப் போனபோது, மாமனார் காதில் விழாத இடமாகப் பார்த்து மகள் சொன்னாள்: "அம்மா, உன் காலைப் புடிச்சுக் கேக்கறன். அவிங்க செஞ்ச வேலைல ஒருத்தரையும் கை வெக்க விடாத."

பஸ்ஸில் மலை ஏறி வரும்போது வளைவுக்கு வளைவு அழுதாள் கலாவதி. "பொண்ணக் குடுத்த எடம். வாயத் தொறக்காத" என்றார் வேலுசாமி. திறக்கவில்லை. கொல்லையில் குழி வெட்டவும் இல்லை.

வளைகாப்பு முடிந்து சுகந்தியைப் பேறுகாலத்துக்கு அழைத்து வந்த அன்று, கொண்டுவந்து விட ஒரு வேன் நிறையச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். காப்பி குடித்த டம்ளரை வைத்ததும் தங்கராஜ் தன் பங்காளி ஒருவரைக் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் கூட்டி வந்தார். "நாம போட்டது. இன்னிக்கு வரைக்கும் ஒரு ரிப்பேர் கெடையாது. என்ன தங்கச்சி?"

"ஆமாங்க" என்றாள் கலாவதி.

தங்கராஜ் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார். அப்போதுதான் கழுவிவிட்ட தரை. வெறுங்காலோடு நின்று சுவிட்சைத் தட்டினார். குழவி சுற்றியது. கிரைண்டர் கல்லைத் தாங்கியிருந்த இரும்புத் தொட்டியைத் தட்டிக் காட்டக் கையை நீட்டினார். அடிக்கட்டும் என்று நினைத்தாள் கலாவதி. ஒரே ஒரு தரம் அடிக்கட்டும், அப்புறமாவது தெரியட்டும். நினைத்ததை அவள் பின்னால் மறுக்கவும் இல்லை. ஆனால் நிலைப்படியில் சுகந்தி நின்றிருந்தாள், கை நிறையக் கண்ணாடி வளையல், வயிற்றின் மேல் ஒரு கை. அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் கலாவதியின் கால் தானாகப் பலகையைத் தள்ளியது.

"தரை சில்லுங்குதுங்க. இதும்மேல நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே, அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

தங்கராஜ் பலகைமேல் ஏறினார். தொட்டியைத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பங்காளி தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூட்டுக்கும் ஒண்ணு போட்டுருங்கண்ணா" என்றார். வேன் கிளம்பும்வரை தங்கராஜ் சந்தோஷமாக இருந்தார். அவர் மாட்டின வேலைக்கு அவளே சாட்சி சொன்னது போல ஆகிவிட்டது. கலாவதிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வேன் சத்தம் ஓய்ந்ததும் மகளைத் தின்பண்டத்தோடு உட்கார வைத்தாள். "கண்ணு, ஒண்ணு சொல்றன் கேளு. நீ அந்த கிரைண்டர் பக்கமே..."

"பலகை இல்லாமத் தொட மாட்டம்மா."

"உனக்கு எப்புடித் தெரியும்? நான் சொல்லவே இல்லியே."

"எங்கூட்டுலயும் ஒரு பலகை கெடக்குது. அத்தை போட்டு வெச்சிருக்காங்க. மாமா கேட்டா தரை சில்லுங்குதும்பாங்க."

கலாவதி மகளையே பார்த்தாள். "சேலத்துல எங்க கண்ணு தரை சில்லுங்குது?"

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருமே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சுகந்தி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "அத்தையும் இத்தன வருசமா அப்புடியேதாம்மா சொல்றாங்க" என்றாள்.

மறுநாள் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி காத்திருந்தது. ஆட்டினால்தான் காலையில் கடை. விறகு எடுத்து வரலாம் என்று கலாவதி கொல்லைப் பக்கம் போனாள். பனி இறங்கியிருந்தது, உடைந்த ஆட்டுக்கல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. குனிந்து விறகைப் பொறுக்கும்போது உள்ளே குழவி சுற்றுகிற சத்தம் கேட்டது.

விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சுகந்தி பலகைமேல் நின்றிருந்தாள். வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தாள். ஒரு கையில் மரக்கரண்டி. அம்மாவைப் போலவே உடம்பை ஒடுக்கப் பார்த்தாள், வயிறு ஒடுங்க மாட்டேன் என்றது. முழங்கைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான். கம்பியில் பனித்தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது.

கூப்பிட்டால் திரும்புவாள், முழங்கை கம்பியில் படும். கலாவதி வாயைத் திறக்காமல், நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். குழவி சுற்றியது. மாவைத் தள்ளும்போதெல்லாம் வளையல்கள் ஒவ்வொன்றாக முழங்கையிலிருந்து கீழே இறங்கின.